ஒன்பது கிலோ எழுநூறு

“இன்னொரு வாட்டி வைங்கண்ணே.”

“எத்தினி வாட்டி வெச்சாலும் அதான்மா காட்டும். ஒம்போது கிலோ எழுநூறு.”

“தராசு சரியா இருக்கா?”

“என் தராசயா கேக்குற? நல்லா கேட்ட போ. சிதம்பரத்துல பாதிப் பேரு வூட்டுப் பழைய பீரோ இது மேல ஏறி எறங்கியிருக்கு. ஒருத்தன் ஒரு வார்த்த சொன்னதில்ல.”

“அடியில தூசி எதுனா ஒட்டியிருக்கப் போவுது.”

“தூசி கிலோ கணக்குலயா இருக்கும்?” கடைக்காரர் குனிந்து பார்த்தார். “சரி, இது என்னா சாமான்? போட்டு மாதிரியும் இருக்கு, மீனு மாதிரியும் இருக்கு. பைபர்னா நான் எடுக்க மாட்டேன் தாயி. இரும்பு, பித்தள, பேப்பர், அவ்ளோதான்.”

“விக்க வரலண்ணே. எடை பாக்கத்தான் வந்தேன்.”

“காலங்காத்தால ஏழு மணிக்கு, ஆட்டோ புடிச்சு, எடை பாக்க?”

வினோதினி தராசின் சிவப்பு எண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரயிலடிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பழைய இரும்புக் கடைக்கு இதுவரை அவள் வந்ததே இல்லை. அந்த எண்ணை நாலு கிலோ சொச்சமாக மாற்றிக் காட்டும் தராசு ஒன்று உலகத்தில் எங்காவது இருக்கக் கூடாதா என்று தோன்றியது. மறுகணமே, வேண்டாம், ஒன்பதாகவே இருக்கட்டும் என்றும் தோன்றியது. இரண்டு ஆசைகளும் அவளுக்குள் ஒரே சமயத்தில் இருந்தன.

தராசின் மேல் கிடந்தது அவள் ஓட்டும் பந்தயக் காரின் மூக்கு.

போன வருஷம் பத்து பந்தயங்களில் நான்கில் முதலாவதாக வந்தவள் அவள். தேவனாம்பட்டினத்துப் பெண், வயது இருபத்து மூன்று. பைபர் படகு கட்டும் பக்கிரியின் இளைய மகள். அக்கா சரண்யாவின் கணவர் சிவசங்கர் சிதம்பரத்துப் பட்டறையில் வைத்து நடத்தும் ‘அலை ரேசிங்’ குழுவுக்கு அவள்தான் ஒரே ஓட்டுநர். இந்த வருஷம் காரை மேம்படுத்துகிறோம் என்று அதன் உடம்பை மூன்று தவணையாகப் புதிதாக்கினார்கள். புது மூக்கோடு ஆறாவது. புதுப் பக்கவாட்டு மூடிகளும் சேர்ந்து ஒன்பதாவது. எல்லாம் புதிதான பிறகு, போன ஞாயிறு இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் பதினோராவது. பந்தயத்தை வர்ணித்தவர் ஒலிபெருக்கியில், “வினோதினியின் காலம் அவ்வளவுதானோ?” என்று கேட்டது இன்னும் அவள் காதில் இருந்தது.

சிவசங்கரின் வரைபடத்தில் அந்த மூக்கின் எடை நான்கு கிலோ இருநூறு.

“ரொம்ப நன்றிண்ணே” என்று சொல்லி மூக்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, “என்னா, வாங்கலியா?” என்றார்.

* * *

பட்டறையில் சிவசங்கர் டீ கிளாசோடு காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். மூக்கில்லாத கார் பல் பிடுங்கிய வாய்போல் இருந்தது.

“எங்க போச்சு இது? வினோ, நீதான் எடுத்தியா?”

“ஆட்டோவுல இருக்கு மாமா.”

“ஆட்டோவுல எதுக்கு இருக்கு?”

“இங்க வெச்சா நீங்க விட மாட்டீங்கன்னு, எடை போட வெளிய எடுத்துட்டுப் போனேன்.”

டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. “யாரு செஞ்சதுன்னு தெரியுமில்ல?”

“தெரியாம என்ன, எங்கப்பா செஞ்சது.”

“எனக்கு மாமனாரு” என்றார் சிவசங்கர். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் ஒரு முழு வருஷத்தின் தோல்விக்கான காரணம் அந்த இரண்டு வார்த்தைகளில் இருந்தது.

அந்தப் பட்டறையில் எடை போடாத பொருளே கிடையாது. போல்ட்டைக்கூட நகைக்கடைத் தராசு ஒன்றில் வைத்துப் பார்த்துத்தான் மாட்டுவார் சிவசங்கர். பந்தயத்தன்று காலையில் வினோதினி இரண்டு இட்லிக்கு மேல் தொட்டால் முகம் சுளிப்பார். ஆனால் தேவனாம்பட்டினத்திலிருந்து குட்டியானை வேனில் முதலில் வந்திறங்கிய மூக்கைத் தராசுப் பக்கம் எடுத்துப் போனபோது, பக்கிரி தோள் துண்டால் கையைத் துடைத்தபடி பக்கத்திலேயே நின்றிருந்தார். பார்த்துக்கொண்டும் இருந்தார். பெண்ணைக் கொடுத்தவர். இருநூறு படகு கட்டியவர். அவர் கண்ணெதிரில் அவர் வேலையைத் தராசில் வைப்பதாவது? சிவசங்கர் அப்படியே கையைத் திருப்பி, மூக்கை மேசைமேல் மெத்தென்று வைத்தார். “அருமையா இருக்கு மாமா” என்றார். நோட்டில் வரைபடத்தின் எடையையே எழுதிக்கொண்டார். அடுத்தடுத்து வந்த பாகங்களையும் அப்படியே.

முழுக் காரின் எடை கூடியிருந்ததை அவர் கவனிக்காமலில்லை. புது கியர் பாக்ஸ்தான் காரணம் என்று நம்பினார். அதைக் கழற்றி மாட்டியே இரண்டு மாதம் போயிற்று. பந்தயத்தில் பரிசோதிப்பவர்களோ, கார் குறிப்பிட்ட எடைக்குக் குறையாமல் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். அதிக எடையோடு ஓடித் தோற்பது அவரவர் சுதந்திரம்.

“எவ்ளோ?” என்றார் இப்போது.

“ஒம்போது எழுநூறு.”

சிவசங்கர் கிளாசைக் கீழே வைத்தார். காரின் பக்கவாட்டு மூடிகள் இரண்டையும், இன்ஜின் மூடியையும், பின் இறக்கையையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். தராசில் வைக்கும்முன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். “மன்னிச்சிடுங்க மாமா” என்று பைபரைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஏற்றினார். வினோதினிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

ஐந்தும் சேர்ந்து பதினாறு கிலோ ஜாஸ்தி.

அப்போதுதான் காரின் மேல் கிடந்த அவளுடைய செல்போன் அதிர்ந்தது. திரையில் ‘அருண்குமார், ஆனைமலை’ என்று பெயர். நாட்டில் கார் பந்தயம் தெரிந்த யாருக்கும் அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. மூன்று வருஷமாகக் கோப்பையை விடாமல் வைத்திருக்கும் கோயம்புத்தூர்க் குழுவின் மேனேஜர்.

“எடு” என்றார் சிவசங்கர்.

“அப்பறம் பேசிக்கறேன்.”

“என்ன வேணுமாம் அவுருக்கு?”

வினோதினி போனைக் கவிழ்த்து வைத்தாள். “நான் வேணுமாம் மாமா.”

* * *

பாகங்களைப் பக்கிரியிடமே அறுத்துப் பார்க்க, தேவனாம்பட்டினத்தை நோக்கிக் கடலூர் சாலையில் குட்டியானை ஓடியது. பின்னால் ஐந்து பாகங்களும் பழைய மெத்தை ஒன்றின்மேல் கட்டிப் படுக்க வைக்கப்பட்டிருந்தன. பி.முட்லூர் தாண்டியதும் சிவசங்கர் கேட்டார்.

“எப்ப வந்துது அவுங்க போனு?”

“போன திங்கக்கெழம.”

“நாலு நாளா வெச்சிக்கிட்டு ஒக்காந்திருக்க.”

“அவுங்க டிரைவருக்கு மணிக்கட்டு ஒடஞ்சிடுச்சாம். அடுத்த ஞாயித்துக்கெழம கடைசி ரவுண்டுலயே வந்து ஓட்டுங்கன்றாங்க. அதுக்கப்பறம் ரெண்டு வருஷம். மலேசியாவுலகூட ரேஸ் இருக்காம். இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்.”

சிவசங்கர் தலையை மட்டும் ஆட்டினார். கடைசி ரவுண்டில் ‘அலை ரேசிங்’ முதல் ஆறு இடத்துக்குள் வராவிட்டால் அடுத்த வருஷம் அவர்களுக்கு அந்தப் போட்டியில் இடம் கிடையாது. ஓட்ட ஆளே இல்லாவிட்டால் கேள்வியே கிடையாது. அதை அவர் சொல்லவில்லை. அவள் அதைத் தெரிந்துவைத்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும்.

“ஏன் சொல்லல?”

“எனக்கு மொதல்ல ஒண்ணு தெரியணும் மாமா.” அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நட்ட வயல்களின் மேல் கொக்குகள் யாரோ தெளித்துவிட்டதுபோல் உட்கார்ந்திருந்தன. “மெதுவா போறது நானா, வண்டியான்னு. நான்தான்னா, அவுங்க வண்டிய எடுத்தாலும் மெதுவாத்தான் போவேன். அப்பறம் எதுக்கு நான் போறது? எதுக்கு நான் இருக்கறது?”

புதுச்சத்திரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. சிவசங்கர் இன்ஜினை அணைத்தார். சரக்கு ரயில் ஒன்று அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

“வண்டிதான்” என்றார்.

“இன்னும் அறுத்தே பாக்கலியே.”

“அறுக்க வேணாம். வண்டிதான் வினோ. மூக்குல மட்டும் அஞ்சரை கிலோ. அதோட நீ எப்பிடித் திருப்பின? முன்சக்கரம் நேரா இழுத்திருக்குமே.”

“நாலாவது வளைவுல கார் திரும்பவே மாட்டேங்குதுன்னு சொல்லிச்சொல்லி எனக்கு வாயே வலிச்சிப் போச்சு.”

“சொன்ன. நான் கியர் பாக்ஸக் கழட்டிக்கிட்டிருந்தேன்.” கேட் திறந்தது. முதல் கியரில் போட்டுவிட்டு அவர் கேட்டார்: “அவுங்களுது கார்பன் பாடியில்ல? மூக்கு எவ்ளோ எடை இருக்கும்?”

“மூணரை.”

“நெனச்சேன்” என்றார் சிவசங்கர், ஏக்கத்தோடு. இந்த மனிதருக்குப் பொறாமைகூட கிராம் கணக்கில்தான் வரும் என்று வினோதினி நினைத்துக்கொண்டாள்.

* * *

தேவனாம்பட்டினத்துக் கொட்டகையில், கவிழ்த்து வைத்த படகு ஒன்றின் அடியில் பக்கிரி மல்லாந்து படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பைபரை இறுக்கும் ரெசின் பசையின் நெடி தெருமுனையிலேயே வந்து வரவேற்றது. கொட்டகைக் கதவில் வினோதினி கோப்பையோடு நிற்கும் படம். படகு வாங்க வருகிற ஒவ்வொருவரையும் அந்தப் படத்துக்கு முன்னால் இரண்டு நிமிஷம் நிற்க வைத்த பிறகுதான் பக்கிரி பேச்சையே தொடங்குவார். பதினோராவது வந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை.

“வாங்க மாப்ள! என்னா திடுதிப்புன்னு? ஏம்மா, ஒரு போன் பண்ணக் கூடாது? ஆத்தாள சங்கரா மீனு வாங்கச் சொல்லியிருப்பனே.” வெளியே வந்து தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு குட்டியானையைப் பார்த்தார். “எல்லாத்தயும் கழட்டிக் கொண்டாந்துட்டிங்க? ஒடஞ்சிடுச்சா?”

“ஒடையல மாமா. நீங்க செஞ்சது ஒடயுமா?” என்றார் சிவசங்கர். “டீ சாப்புட்டிங்களா?”

“ஆச்சு.”

“காத்து பரவால்லியா இன்னிக்கு?”

“காத்துக்கு என்னா. என்னா விசயம் மாப்ள?”

சிவசங்கர் காற்றைப் பற்றி இன்னும் ஏதோ கேட்கப் போனார். வினோதினி குறுக்கே வந்தாள்.

“அப்பா, இந்த மூக்குக்கு எத்தன லேயர் போட்டீங்க?”

“மாப்ள படத்துல போட்டுத் தந்தாரே. மூணு.”

“மூணுதானா?”

“மூணு.” பக்கிரி கையைப் பார்த்துக்கொண்டார். “அணியத்துக்கு மட்டும் மேல ரெண்டு.”

படகின் முன்மூக்கைத்தான் அவர்கள் அணியம் என்பார்கள். காருக்கும் அவருக்கு அது அணியம்தான்.

“ஏம்ப்பா ரெண்டு கூட?”

“ஏம்ப்பாவா? அணியத்துலதான அல அடிக்கும்!”

“ரோட்டுல ஏதுப்பா அல?”

“காத்து இல்ல? நீ போற வேகத்துக்கு காத்து அலய விட கெட்டியா அடிக்கும்னு மாப்ளதான் சொன்னாரு. கேட்டுப் பாரு.”

சிவசங்கர் தலையைக் குனிந்துகொண்டார். சொன்னது உண்மைதான். காரின் மூக்கு ஏன் கூராக இருக்க வேண்டும் என்று விளக்கும்போது சொன்னது.

“ரெண்டு லேயருக்கு மூணு கிலோ ஆவும் மாமா” என்றார் மெல்ல. “மூக்குல அஞ்சரை ஜாஸ்தி இருக்கு. மிச்சம் ரெண்டரை கிலோ எங்க?”

பக்கிரி கடலைப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் படகுகளின் வரிசைக்கு மேலே ஒரு சாண் கடல்தான் தெரியும். அந்த ஒரு சாணையே வெகுநேரம் பார்த்தார்.

“எடை போட்டிங்களா?”

“நான்தாம்ப்பா போட்டேன்” என்றாள் வினோதினி.

“உள்ள வெச்சத வெளிய சொல்லக் கூடாது. சொன்னா பலிக்காது.”

“என்னத்த வெச்சீங்க?”

“சொல்ல மாட்டேன்.” அவர் உள்ளே போய் அறுக்கும் மெஷினை எடுத்துவந்தார். ஒயரை மாட்டினார். “சொல்லத்தான் கூடாது. தள்ளி நில்லுங்க, கண்ணுல பட்டுடும்.”

பைபர் தூள் வெள்ளையாகப் பறந்தது. மூக்கு நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தது. பிளந்த இடத்தில், தேன் நிறத்தில் உறைந்துபோன ரெசினுக்கு நடுவே, ஒரு பச்சைக் கோடு ஓடியது. வினோதினி குனிந்து விரலால் தொட்டாள். துணியின் கரை. நிமிர்ந்து அப்பாவின் தோளைப் பார்த்தாள். அங்கேயும் அதே பச்சைக் கரை.

“துண்டா?”

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனதும் பக்கிரி படகின் விளிம்பில் உட்கார்ந்தார்.

போனவன் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று, அவர் கட்டும் ஒவ்வொரு படகின் அணியத்திலும் கடைசி லேயருக்கு அடியில் ஒரு துணி இருக்கும். படகுக்காரனின் மனைவியுடைய பழைய புடவையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முந்தானைத் துண்டு. ஆர்டர் கொடுக்க வருகிறவர்களே மடித்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பேச மாட்டார்கள். அவரும் கேட்க மாட்டார். இருநூறு படகிலும் அப்படித்தான்.

“ஆம்பள போற போட்டுக்கு வூட்டுப் பொம்பள சேல. பொம்பள போற வண்டிக்கு என்னாத்த வெப்பேன்? யாரக் கேப்பேன்? கடலூரு ஜில்லாவுலயே இதுக்கு முன்ன யாருக்கும் இந்தச் சந்தேகம் வந்ததில்ல. ரெண்டு நாளு யோசிச்சேன். வேற ஒண்ணும் தோணல. அப்பன் துண்டத்தான் வெச்சேன்.”

“முழுத் துண்டுமா?”

“பொண்ணுக்கு பாதி வெப்பாங்களா?”

சிவசங்கர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “டர்க்கி துண்டு மாமா. ரெண்டு லிட்டர் ரெசின் குடிக்குமே.”

“குடிச்சிது. ஊத்த ஊத்த குடிச்சிது. எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துது.”

“மத்த நாலுலயும்?”

“ஒண்ணுல வெச்சு ஒண்ணுல வெக்காம வுட முடியுமா?”

“தூக்கறப்ப வெயிட்டு தெரியலியாப்பா?”

“போட்டு தூக்கற கைக்கு ஒம்போது கிலோ என்னா தெரியும்?”

“அப்ப அஞ்சு துண்டும் இங்கதான் இருக்கா!”

எல்லோரும் திரும்பினார்கள். வினோதினியின் அம்மா ராஜாமணி, மீன் கூடையை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

“தீபாவளிக்கு ஆறு துண்டு வாங்கினேன். கொடியில போட்டா ஒண்ணொண்ணா காணும். எதுத்த வூட்டு கொளஞ்சியம்மா ஆடுதான் தின்னுடுச்சின்னு தெருவுல நின்னு சண்ட போட்டேன். எட்டு மாசமா அவளும் நானும் பேச்சில்ல. அந்த ஆட்டு மூஞ்சியில இனிமே எப்பிடி முழிப்பேன்?”

வினோதினி இந்தத் தடவை அடக்கவில்லை. படகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிவசங்கரும் சிரித்தார். ஆனால் பக்கிரி சிரிக்கவில்லை. பிளந்த மூக்கின் பாதியை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார்.

“அப்ப, எம்பொண்ணத் தோக்க வெச்சது நாந்தானா?”

சிவசங்கர் சட்டைப் பையிலிருந்து மார்க்கரை எடுத்தார். கவிழ்ந்திருந்த படகின் வெள்ளை வயிற்றிலேயே எழுதினார். பத்து கிலோவுக்கு, ஒரு சுற்றுக்கு ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் போகும். பதினாறு கிலோவுக்கு அரை நொடிக்கு மேல். பன்னிரண்டு சுற்று. அடியில் கோடு போட்டார்.

“ஆறரை செகண்டு மாமா. போன ஞாயித்துக்கெழம மூணாவது வந்தவனுக்கும் இவளுக்கும் எவ்ளோ வித்தியாசம் தெரியுமா? ஆறு.”

அந்தக் கோட்டை எல்லோரும் பார்த்தார்கள். முதலில் புரிந்துகொண்டவள் ராஜாமணி.

“இருங்க. அப்ப இந்த மனுசனோட அஞ்சு துண்டயும், அது குடிச்ச ரெசினயும் தூக்கிக்கிட்டா எம்பொண்ணு பதினோராவது வந்தா?” கூடையை இறக்கி வைத்தாள். “எறக்கி வெச்சா எங்க போவா?”

வினோதினிக்கு மாதக் கணக்காக ஒவ்வொரு இரவும் கண்ணை மூடினால் நாலாவது வளைவுதான் வரும். எங்கே கால் தயங்கியது, எங்கே கை பிசகியது என்று தேடித்தேடித் தூங்கிப்போவாள். கால் தயங்கவில்லை. கை பிசகவில்லை. இத்தனை நாளும் அப்பா அவளுக்கு முன்னால், மூக்கில், ரெசினில் உறைந்தபடி அவளோடு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அவ்வளவுதான் நடந்தது.

“தப்பு உங்களுது இல்ல மாமா. முதல் நாளே நான் எடை போட்டிருக்கணும்” என்றார் சிவசங்கர்.

“ஏன் போடல?”

“நீங்க செஞ்சத… உங்க முன்னாடி…”

பக்கிரி நிமிர்ந்தார். “மாப்ள, நான் மீனு ஏலத்துல வளந்தவன். எடை போட்டா எனக்கு என்னா கோவம்? போடாம வுட்டிங்க பாருங்க, அதுக்குத்தான் இப்பக் கோவம் வருது.” எழுந்தார். “தராசு கொண்டாந்திங்களா?”

“வண்டியில இருக்கு.”

“எறக்குங்க.”

* * *

மூக்கின் மோல்டைத் துடைத்து மெழுகு பூசினார்கள். பைபர் மேட் விரிக்கும்முன் அதை எடை போட்டார்கள். ரெசின் வாளியை எடை போட்டார்கள். பிரஷ்ஷைக்கூட பக்கிரி தராசில் வைத்துவிட்டு, “எதுக்கும் இருக்கட்டும்” என்றார். மூன்று லேயர். ரோலரை உருட்டி உருட்டி அதிகப்படி ரெசினைப் பிழிந்து எடுத்தார். கடைசி லேயரின்போது அவருடைய இடது கை தானாகத் தோளுக்குப் போனது. பாதியில் நின்றது. திரும்பியது. அதை வினோதினி பார்த்தாள். பார்க்காதவள்போல் இருந்தாள்.

வெயில் மீதி வேலையைச் செய்தது. அது காய்வதற்குள் ராஜாமணியின் குழம்பு வந்தது. சாப்பிடும்போது சிவசங்கர்தான் கோயம்புத்தூர் விஷயத்தைச் சொன்னார். ஐந்து மணி என்பதையும் சொன்னார்.

பக்கிரி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: “நல்ல வண்டியா?”

“நம்ம நாட்டுலயே நல்ல வண்டி மாமா.”

“அதுக்கு அணியம் யாரு செய்யறாங்க?”

“ஆளு இல்ல. மிஷினு.”

“ம்.”

“அவ போனா ஒங்க டீமு?” என்றாள் ராஜாமணி மருமகனிடம்.

“அத்த, போன வருஷம் நாலு கப்பு வாங்கிக் குடுத்தது யாரு, நானா?” சிவசங்கர் தட்டைப் பார்த்தபடி சொன்னார். “நாட்டுலயே பெரிய டீமு, ஓட்ட ஆளு இல்லன்னதும் நம்ம வூட்டுப் பொண்ணத் தேடி போன் போடுது. பட்டறை வாசல்ல பேனர் கட்டணும் நான். ஞாயித்துக்கெழமக்கு வேற ஆளு பாத்துக்கறேன்.”

வேறு ஆள் கிடையாது என்பது அந்த நான்கு பேருக்கும் தெரியும்.

நாலே முக்காலுக்கு மூக்கு மோல்டிலிருந்து கழன்று வந்தது. பக்கிரி அதை ஒரு கையால் தூக்கினார். முகத்தில் திகில். “என்னா இது, அப்பளமாட்டம் இருக்கு? பறந்துடாதா?”

தராசில் வைத்தார். மருமகனை முன்னால் வரச் சொன்னார். “நீங்களே படிங்க மாப்ள. சத்தமா.”

“நாலு கிலோ நூத்தம்பது!” என்றார் சிவசங்கர். “என் படத்துல இருக்கறத விட அம்பது கிராம் கம்மி மாமா!”

பக்கிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இருநூறு படகு கட்டிய மனிதரின் முகத்தில் முதல் படகு மிதந்ததைப் பார்த்த வெளிச்சம். “மத்த நாலயும் புதன்கெழமக்குள்ள முடிச்சித் தரேன்” என்றார்.

போன் அடித்தது. வினோதினி ஸ்பீக்கரில் போட்டு, கவிழ்ந்த படகின்மேல் வைத்தாள்.

“வினோதினி, மணி அஞ்சு” என்றது அருண்குமாரின் குரல். “என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?”

“வரேன் சார்.”

ராஜாமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“ஆனா அடுத்த வருஷம் சார். இந்தக் கடைசி ரவுண்டு எங்க வண்டியிலதான்.”

“பதினோராவது வந்த வண்டியிலயா?”

“அதே வண்டிதான் சார். ஞாயித்துக்கெழமக்குள்ள அது பதினாறு கிலோ எளச்சிடும்.” “நீங்க யார வெச்சு ஓட்டினாலும் சரி, நான் உங்க வண்டிக்குப் பின்னாடி வந்தா, அப்பறம் நீங்க என்னய எடுக்க வேணாம். முன்னாடி வந்தா எடுத்துக்குங்க.”

சிவசங்கர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நான் சேர்மன்கிட்ட கேக்கணும்மா” என்றார் அருண்குமார். “அவர் பக்கத்து ரூம்லதான் இருக்கார். லைன்லயே இருங்க.”

“ஒரு நிமிசம்” என்றார் பக்கிரி. “போவாதிங்க சார். நான் வினோதினியோட அப்பா பேசறேன்.”

“வணக்கம் சார். சொல்லுங்க.”

பக்கிரி தோள் துண்டை எடுத்து அதன் பச்சைக் கரையிலிருந்து ஒரே ஒரு நூலை உருவினார். ஒரு விரல் நீளம் இருக்கும். அதைத் தராசின் நடுவில் வைத்தார். குனிந்து எண்ணைப் பார்த்தார். மருமகனையும் பார்க்கச் சொல்லிக் கையைக் காட்டினார். சிவசங்கர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பூஜ்யம். அசையவே இல்லை.

நூலை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு போன் பக்கம் சாய்ந்தார்.

“அடுத்த வருசம் எம்பொண்ணுக்குன்னு புதுசா வண்டி செய்வீங்கல்ல சார்? ஒங்களுது மிஷின்ல செய்யறதாமே, நல்லாத்தான் இருக்கும், நான் ஒண்ணும் கொற சொல்லல. ஒரே ஒரு நூலு சார். எடை போட்டுட்டேன், ஒண்ணுமே காட்டல. அணியத்துல உள்பக்கமா வெச்சிட்டா வெளிய தெரியாது. குடுத்தனுப்பறேன். வெக்கச் சொல்றீங்களா சார்?”